இயாகோ ஏன் செய்தான்? எந்தக் காரணத்தை நடிப்பது?

சாட்ஸ்வர்த் வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இயங்கும் எங்கள் சிறிய நாடகக் குழு, ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவைத் தமிழில் வாசிப்பு நாடகமாக நிகழ்த்த முடிவு செய்துள்ளது. வேடமும் ஒப்பனையும் கிடையாது. ஏழு பேர் கையில் தாளுடன் நின்று வாசிப்போம். வரக்கூடியவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், ஆனால் வாயில் வராது. மீதிப் பேர் மெட்ரிக் தேர்வுக்காக இந்த நாடகத்தை ஆங்கிலத்தில் வரி வரியாகப் படித்தவர்கள். இரு சாராரையும் ஏமாற்ற முடியாது. எனக்குக் கிடைத்திருக்கும் பாத்திரமோ எல்லாரையும் ஏமாற்றும் இயாகோ. ‘மூர்’ என்று அழைக்கப்படும் வெனிஸின் கறுப்பினத் தளபதி ஒத்தெல்லோவுக்குக் கீழே கொடிதாங்கி அதிகாரியாக இருப்பவன் அவன்; மனைவி டெஸ்டிமோனாவுக்குக் காசியோவோடு தொடர்பு என்று ஒத்தெல்லோவை நம்பவைத்து, அவளைக் கொல்ல வைக்கிறான்.

ஒரே ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு அதை மனத்தில் வைத்தே எல்லா வரிகளையும் வாசிக்குமாறு எங்கள் இயக்குநர் சொல்கிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தனக்கு வரவேண்டிய துணைத் தளபதிப் பதவி காசியோவுக்குப் போய்விட்டது என்று முதற்காட்சியில் இயாகோ குமுறுகிறான். முதல் அங்கம் முடிவதற்குள், தன் மனைவி எமிலியாவுடன் ஒத்தெல்லோவுக்குத் தொடர்பு இருப்பதாக ஊரில் பேச்சு என்கிறான். அது உண்மையா என்று தெரியாது, ஆனாலும் உறுதியானது போலவே நடந்துகொள்வேன் என்று அடுத்த மூச்சிலேயே சேர்த்துக்கொள்கிறான். இரண்டாம் அங்கத்தில் தானும் டெஸ்டிமோனாவை விரும்புவதாகச் சொல்லி, காசியோவின் மீதும் அதே படுக்கையறை ஐயத்தைச் சுமத்துகிறான். ஐந்தாம் அங்கத்தில், காசியோவின் வாழ்வில் அன்றாடம் ஓர் அழகு இருக்கிறது, அது என்னை அசிங்கமாக்குகிறது என்கிறான்.

இதில் எது உண்மை? மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி முடிவில் ஒத்தெல்லோ அவனைத் துணைத் தளபதியாகவே ஆக்கிவிடுகிறான். கேட்ட பதவி கைக்கு வந்த பின்னும் அவன் நிற்கவில்லையே! அப்படியானால் பதவி ஒரு சாக்குதானா? அனுபவம் உள்ளவர்கள் வழி காட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஃபீனிக்ஸ் ஆசிரியர்

தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாடகத்தை வகுப்பறையில் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நீங்கள் காரணங்களை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். ஒவ்வொரு காரணத்தையும் அவன் யாரிடம் சொல்கிறான் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பதவிக் குறையை அவன் விரிவாகச் சொல்வது டெஸ்டிமோனாவை விரும்பும் ரொடரிகோவிடம் மட்டும். அதுவும் எப்போது? ‘மூரை வெறுப்பதாக என்னிடம் சொன்னாயே’ என்று ரொடரிகோ குற்றம் சாட்டும் நேரத்தில். ரொடரிகோவின் பணப்பை இயாகோவின் கையில் இருக்கிறது; அவனுடைய நம்பிக்கை போனால் பையும் போகும். ஆகவே வெறுப்புக்குச் சான்றிதழ் தேவைப்படுகிறது. நகரத்தின் பெரிய மனிதர் மூவர் தனக்காகப் பரிந்துபேசினார்கள் என்றும், காசியோ ஏட்டுக்கணக்கு மட்டுமே தெரிந்தவன், போர்க்களத்தில் ஓர் அணியைக்கூட நிறுத்தி அறியாதவன் என்றும் அவன் சொல்வதெல்லாம் அந்தச் சான்றிதழின் வாசகங்கள். அதே மனிதன் மேடையில் தனியாக நிற்கும்போது பதவியைப் பற்றி என்ன சொல்கிறான்? காசியோவின் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று ஒரே ஒரு தொடர், அதுவும் போகிற போக்கில். அதை ஒட்டியே, இரட்டை வஞ்சனையால் தன் விருப்பத்துக்கு இறகு சூட்டிக்கொள்ள வேண்டும் என்கிறான். எனக்கு எப்போதும் அந்த இறகுதான் கண்ணில் படும். பதவி கிடைத்தால் தீரும் பசி அல்ல அது.

கவிஞர் கோல்ரிட்ஜ் இந்தத் தனிமொழிகளைப் பற்றி, காரணமற்ற கொடுமை தனக்குக் காரணம் தேடி அலைகிறது என்ற பொருளில் குறிப்பு எழுதினார். இன்றுவரை எல்லா விவாதமும் அந்தக் குறிப்பைச் சுற்றியே நடக்கிறது. நான் அதைப் பாதிதான் ஏற்கிறேன். தேடுகிறான் என்பது சரி. ஒன்றும் இல்லாததால் தேடுகிறான் என்பதுதான் ஐயத்துக்குரியது.

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எங்கிருந்து எடுத்தார் என்பதும் உங்களுக்கு உதவும். இத்தாலியரான சின்தியோ 1565ஆம் ஆண்டு வெளியிட்ட கதைத் தொகுதியில் இது இருக்கிறது. அங்கே கொடிதாங்கி அதிகாரிக்குப் பெயர் இல்லை, ஆனால் தெளிவான காரணம் இருக்கிறது. அவன் டிஸ்டிமோனாவின் (நம் டெஸ்டிமோனாவின்) மேல் ஆசை வைக்கிறான். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. காசியோவின் இடத்தில் வரும் படைத்தலைவனை அவள் விரும்புவதாக இவனே கற்பனை செய்துகொள்கிறான். ஆசை பகையாகத் திரிகிறது. யாரும் விளக்கம் கேட்கத் தேவையில்லாத, நேரான காரணம். அந்தக் கதையைப் படித்த ஷேக்ஸ்பியர் ஆசையை ஓர் ஓரத்து வரியாகச் சுருக்கி, அதன் இடத்தில் நான்கைந்து அரைகுறைக் காரணங்களை வைத்தார். கவனக்குறைவால் அப்படிச் செய்தார் என்று நான் நம்பவில்லை.

லெனேசியா

ஆசிரியர் ஐயாவுக்கு மரியாதையுடன் ஒரு மறுப்பு. இந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு இயாகோவின் காரணத்தைத் தேடும் நாம், நிறவெறி என்ற சொல்லை இன்னும் ஒருமுறைகூட எழுதாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

1987ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் ஜேனட் சுஸ்மன் இயக்க, ஜான் கானி ஒத்தெல்லோவாக நடித்ததைப் பார்த்தவன் நான். அந்த அரங்கம் நம் தாத்தாமார் காலத்தில் இந்தியர்களின் பழச் சந்தையாக இருந்த கட்டடம் என்பதை இளையவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். அப்போது நாட்டில் நெருக்கடிநிலை அமலில் இருந்தது. வெள்ளையரும் வெள்ளையர் அல்லாதவரும் மணப்பதையும் உறவுகொள்வதையும் குற்றமாக்கிய சட்டங்கள் நீக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. கானி டெஸ்டிமோனாவின் கையைப் பற்றியபோது எனக்கு முன் வரிசையில் இருந்தவர்கள் நெளிந்ததை நான் பார்த்தேன். மேடையில் இயாகோ வாயைத் திறக்கும் முன்பே அவனுடைய வேலையில் பாதி கீழே முடிந்திருந்தது.

முதற்காட்சியைப் படித்துப் பாருங்கள். ஒத்தெல்லோவின் பெயரே அதில் வருவதில்லை. மூர் என்கிறார்கள், தடித்த உதட்டுக்காரன் என்கிறார்கள். நள்ளிரவில் டெஸ்டிமோனாவின் தந்தை பிரபான்சியோவின் வீட்டு வாசலில் நின்று, கிழட்டுக் கறுப்புக் கடா உம் வெள்ளைப் பெண்ணாட்டைச் சேர்கிறது என்று இயாகோ கூவுகிறான். மூன்றாம் காட்சியில் வெனிஸின் தலைவர் வாயால்தான் ஒத்தெல்லோ என்ற பெயரை முதன்முறையாகக் கேட்கிறோம். நடமாட அனுமதிச்சீட்டு கேட்ட பாஸ் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்களுக்கும், பெயரைக் கேட்காமல் ‘சாமி’ என்று அழைக்கப்பட்ட கரும்புத் தோட்டத்துத் தமிழர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் அங்கத்தில் இன்னும் நுட்பமாகச் செய்கிறான். தன் நாட்டையும் நிறத்தையும் தகுதியையும் சேர்ந்த மாப்பிள்ளைகளை வேண்டாம் என்ற பெண் இயல்பானவளாக இருக்க முடியுமா என்று மரியாதையான குரலில் கேட்டுவிட்டு விலகிவிடுகிறான். சற்று நேரத்தில், நான் கறுப்பன் என்பதால்தானோ என்று ஒத்தெல்லோவே தன்னைப் பார்த்துக் கேட்கிறான். இதற்குப் பிறகும் காரணமற்ற கொடுமை என்பது, வசதியான ஊரில் வாழ்ந்தவர் எழுதிய குறிப்பாகவே எனக்குப் படுகிறது.

ஃபீனிக்ஸ் ஆசிரியர்

லெனேசியா நண்பரே, அந்த நாடகத்தை நேரில் பார்த்த உங்களிடம் எனக்குப் பொறாமை. இந்தத் திரியில் அது பொருத்தமான உணர்ச்சிதான். நீங்கள் காட்டிய இடங்கள் அனைத்தும் சரியானவை. ஆனால் அவையும் பிறர் காதுக்காகச் சொல்லப்பட்டவை அல்லவா? பிரபான்சியோவை எழுப்ப வேண்டும், ஒத்தெல்லோவை உடைக்க வேண்டும். இரண்டுக்கும் எது உதவும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தனியாக நிற்கும்போதோ, மூர் திறந்த மனமுடையவன், உறுதியும் அன்பும் உயர்ந்த குணமும் கொண்டவன், டெஸ்டிமோனாவுக்கு நல்ல கணவனாக இருப்பான் என்கிறான். இழிவானவன் என்று உண்மையாகவே நம்புகிறவன் இப்படிச் சொல்வானா?

லெனேசியா

சொல்வான், ஐயா. எங்கள் தந்தையார் வேலை செய்த இடத்தின் மேலாளர், அவரைப் போல நேர்மையான கணக்கர் இல்லை என்று எல்லாரிடமும் சொல்வார். அவருக்கு மேல்பதவி மட்டும் கடைசிவரை தரவில்லை. உயர்ந்தவன் என்று தெரிந்திருப்பதே சிலருக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

மாரிட்ஸ்பர்க் அக்கா

நீங்கள் மூவரும் அவன் சொன்னதையே ஆராய்ந்துகொண்டிருக்கிறீர்கள். அவனுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

நான்காம் அங்கத்தின் இரண்டாம் காட்சிக்குப் போங்கள். யாரோ ஒரு கயவன் தளபதியின் மனத்தைக் கெடுத்திருக்கிறான் என்று எமிலியா கொதிக்கிறாள். கெடுத்தவன் எதிரிலேயே நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. அப்போது கணவனைப் பார்த்து, இப்படிப்பட்ட ஒருவன்தான் உம் அறிவையும் உட்புறம் வெளியாகத் திருப்பிப்போட்டு, என்னையும் மூரையும் சேர்த்துச் சந்தேகிக்க வைத்தான் என்கிறாள். இயாகோ உடனே அவள் வாயை அடக்கப் பார்க்கிறான்.

இதன் பொருளைச் சற்று நிதானமாகப் பாருங்கள். அந்தச் சந்தேகம் தனிமொழிக்காக அந்த நொடியில் புனைந்தது அல்ல. நாடகம் தொடங்கும் முன்பே அந்த வீட்டில் அதைப் பற்றிச் சண்டை நடந்திருக்கிறது. யாரோ ஊதியிருக்கிறார்கள், இவன் எரிந்திருக்கிறான். இரண்டாம் அங்கத்தில் அந்த நினைப்பு நச்சுத் தாதுப்பொருளைப் போல என் குடலைத் தின்கிறது என்கிறான். மூன்றாம் அங்கத்தில் ஒத்தெல்லோ தன் நஞ்சால் மாறத் தொடங்கிவிட்டான் என்று சொல்லி, ஆபத்தான எண்ணங்கள் நஞ்சு போன்றவை, முதலில் சுவை தெரியாது, பிறகு கந்தகச் சுரங்கமாக எரியும் என்று விவரிக்கிறான். அவ்வளவு துல்லியமாக விவரிக்க அந்த நஞ்சு தன் வயிற்றில் இருந்திருக்க வேண்டும். ‘நான் பெற்ற இன்பம் பெறுக இவ்வையகம்’ என்றார் திருமூலர். இவன் தான் பெற்ற நோயை ஒத்தெல்லோவும் பெற வேண்டும் என்கிறான். மனைவிக்கு மனைவி என்று கணக்குத் தீரும்வரை ஓயமாட்டேன் என்பது அவனே சொன்னது.

ஆகவே அவன் வலி பொய் என்று வாசிக்க வேண்டாம், தம்பி. பொய்யான காரணத்தால் வந்த உண்மையான வலி என்று வாசியுங்கள். ஒத்தெல்லோவுக்கு நேர்ந்ததும் அதேதான். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பின்னர் பொய்ச் சான்றாகும் டெஸ்டிமோனாவின் கைக்குட்டையைத் திருடித் தரும்படி நூறு முறை கேட்டான் என்கிறாள் எமிலியா. எதற்கென்று தெரியாமல், அவன் முகம் மலர்வதற்காக எடுத்துக் கொடுக்கிறாள். சின்தியோவின் கதையில் அந்த அதிகாரியே, தன் மூன்று வயது மகளை டிஸ்டிமோனா தூக்கிக் கொஞ்சும் நேரத்தில் திருடுகிறான். ஷேக்ஸ்பியர் அந்த வேலையை மனைவியின் கைக்கு மாற்றியிருக்கிறார். எமிலியாவை வாசிக்கப் போகிறவர் யாரோ, அவரும் இந்தத் திரியைப் படித்தால் நல்லது.

தஞ்சையிலிருந்து உம்லாங்கா

வேலைக்காக இங்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆன நான், நீண்ட நாள்களாகப் படிப்பவனாகவே இருந்தேன். இந்தத் திரி எழுதத் தூண்டுகிறது.

ஆசிரியர் ஐயா சொன்ன செய்தி, இருந்த காரணத்தை ஷேக்ஸ்பியர் எடுத்துவிட்டார் என்பது, எனக்குக் கம்பனை நினைவூட்டியது. கம்பன் செய்தது நேர் எதிரானது. கூனி ஏன் இராமனுக்குப் பகையானாள் என்பதற்கு வான்மீகி ஒரு பழங்கணக்கைக் காட்டுவதில்லை. கைகேயியின் தாதி, அவ்வளவுதான். கம்பனோ, ‘பண்டை நாள் இராகவன் பாணி வில் உமிழ் உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்’ என்கிறான். சிறுவன் விளையாட்டாக எய்த மண்ணுருண்டை அவள் முதுகில் பட்டதாம். படிக்கும்போது, ஓ, அதுதானா என்று மனம் ஒரு கணம் அமைதி அடைகிறது. மறுகணம், ஒரு மண்ணுருண்டைக்காகப் பதினான்கு ஆண்டுக் காடா, ஓர் அரசனின் உயிரா என்ற திகைப்பு வருகிறது. கம்பன் காரணத்தைக் கொடுத்தும், தீமையின் அளவு அதில் அடங்கவில்லை. கூனி பேசி முடித்ததும் ‘தேவி தூய சிந்தையும் திரிந்தது’ என்று வருகிறதே, அந்தத் ‘தூய’ என்ற சொல்லை ஒத்தெல்லோவுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

இரு கவிஞரும் எதிரெதிர் வழியில் சென்று ஒரே பள்ளத்தின் விளிம்பில் நம்மை நிறுத்துகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே எந்தக் காரணம் உண்மை என்ற கேள்வியைவிட, எந்தக் காரணத்தைச் சொல்லும்போது இயாகோ அதைப் பெரிதுபடுத்த முயலவில்லை என்ற கேள்வி உதவும். பதவிக் குறையை அலங்கரிக்கிறான். மனைவி பற்றிய ஐயத்தைத் தானே வாதாடித் தானே தீர்ப்புச் சொல்கிறான். டெஸ்டிமோனாவின் மேலுள்ள ஆசைக்கு, வெறும் காமத்தால் அல்ல என்று விளக்கவுரை எழுதுகிறான். காசியோவின் அழகைப் பற்றிய அந்தத் தொடருக்கு மட்டும் விளக்கம் இல்லை. இருட்டுத் தெருவில், கொலைக்கு ஆள் வைத்துவிட்டு நிற்கும் அவசரத்தில் அது வாயிலிருந்து வழுக்கி விழுகிறது. உடனே, அத்தோடு மூர் என்னைக் காட்டிக்கொடுத்துவிடலாம் என்று நடைமுறைக் காரணம் ஒன்றை மேலே போட்டு அதை மூடிவிடுகிறான். அழுக்காறாமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே செய்தது இதற்குத்தான்.

குறள் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி முடிவில் ஒத்தெல்லோ மண்டியிட்டுப் பழிவாங்கச் சபதம் செய்கிறான். எழவேண்டாம் என்று சொல்லி இயாகோவும் அருகே மண்டியிட்டு, வானத்து விளக்குகளைச் சாட்சி வைக்கிறான். ‘தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்’ என்ற வரிக்கு இதைவிடச் சரியான காட்சி எனக்குத் தெரியாது. வாசிப்பு நாடகமானாலும் அந்த ஓர் இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு மண்டியிடுங்கள், அண்ணா.

மாரிட்ஸ்பர்க் அக்கா

உம்லாங்கா தம்பி, அழகாக எழுதினீர்கள். ஆனால் வழுக்கி விழுந்தது மட்டுமே உண்மை என்றால், குடலைத் தின்கிறது என்று அவன் சொன்னதை என்ன செய்வது? அதையும் அவன் அலங்கரிக்கவில்லையே. நான் இறங்கி வருவதாக இல்லை.

ஃபீனிக்ஸ் ஆசிரியர்

அக்காவிடம் நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். எமிலியாவின் அந்த வரியை இத்தனை ஆண்டு வகுப்பில் வேகமாகக் கடந்து போயிருக்கிறேன்.

நடிப்புக்காக மட்டும் ஒரு குறிப்பு. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது திருவிழாக்களில் தெருக்கூத்து நடக்கும்; இங்கே அதைச் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள். திரைக்குப் பின்னிருந்து வரும் சகுனி, தான் யார், என்ன செய்யப் போகிறான் என்று கட்டியக்காரனிடம் முதலிலேயே சொல்லிவிடுவான். பிள்ளைகள் பயந்து சிரிப்போம். ஆங்கிலப் பழைய நீதி நாடகங்களிலும் தீக்குணம் ஒரு பாத்திரமாக வந்து சபையோடு வேடிக்கை பேசிச் சதியை அறிவிக்கும். இயாகோவின் தனிமொழிகளில் அந்த மரபின் வாடை உண்டு. எனவே தனிமொழிகளைச் சுவரைப் பார்த்து முணுமுணுக்க வேண்டாம். முன் வரிசையில் இருக்கும் ஒருவரின் கண்ணைப் பார்த்து, நண்பரிடம் யோசனை கேட்பவரைப் போல வாசியுங்கள். அவன் காரணங்களை அடுக்குவதும் அந்த நண்பரின் தலையசைப்பைப் பெறுவதற்காகத்தான். ஒத்தெல்லோவைவிட அவனுக்குத்தான் வரிகள் அதிகம். சபையோடு அவனுக்கு அவ்வளவு பழக்கம்.

சாட்ஸ்வர்த் வாசகன்

அனைவருக்கும் நன்றி. நேற்று ஒத்திகையில் சில மாற்றங்களைச் செய்து பார்த்தோம்.

ஒரே காரணம் என்ற பேச்சை இயக்குநரிடம் பணிவுடன் கைவிடச் சொன்னேன். பதவிக் குறையை ரொடரிகோவாக வாசிப்பவரின் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், அது சரியாகப் பட்டது. மனைவி பற்றிய பகுதியை அக்கா சொன்னபடி வயிற்றிலிருந்து வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. முதற்காட்சியில் பெயரைச் சொல்லாமல் ‘மூர்’ என்று மட்டும் சொல்லும் இடங்களை லெனேசியா ஐயாவின் குறிப்பை நினைத்து அழுத்தினேன். வயதான ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மண்டியிடுவதற்கு என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ஆனால் செய்துவிடுவேன்.

தாளைப் புரட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். நாடகத்தில் இயாகோ பேசும் முதல் வரி, நான் சொல்வதை நீர் கேட்கவே மாட்டீர் என்று ரொடரிகோவைக் கடிந்துகொள்வது. கடைசி வரி, என்னிடம் ஒன்றும் கேட்காதீர், உமக்குத் தெரிந்தது தெரிந்ததே, இனி ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்பது. ஏன் செய்தாய் என்று ஒத்தெல்லோ கேட்ட அந்த ஒரே தருணத்தில் அவன் வாயை மூடிக்கொள்கிறான். அதற்குப் பிறகும் காட்சி சில நிமிடங்கள் நீள்கிறது, நான் மேடையில் நின்றாக வேண்டும். அந்த நேரம் முழுவதும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்குத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.